வரவும் செலவும் ஒரே திரையில்

ஆலைக்கு ஸ்காடா மென்பொருள் (ஆலையின் ஓட்டத்தைக் கணினித் திரையில் காட்டி, அங்கிருந்தே இயக்க உதவுவது) வாங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் முதலில் பிறப்பது ஓர் ஒப்பீட்டு அட்டவணை. இடதுபக்கம் அம்சங்கள், மேலே கம்பெனிகளின் பெயர்கள், கட்டங்களுக்குள் 'உண்டு', 'இல்லை', 'தனிக் கட்டணம்'. எத்தனை டேக் (திரைக்கு வந்துபோகும் ஒவ்வோர் அளவும் கட்டளையும் ஒரு டேக்) வரை உரிமம், எத்தனை கிளையன்ட் கணினிகள், எந்தெந்த பிஎல்சியோடு (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பேசும், பிரௌசரில் திறக்குமா, கைபேசியில் தெரியுமா, ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொன்று எழுந்துகொள்ளுமா, அறிக்கை எக்செலில் வருமா. கடைசி வரியில் விலை. இத்தனையும் கேட்கிற அந்த அட்டவணையில் ஒரு கேள்வியை மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை. நள்ளிரவு ஷிப்டில் கிரிட் என்கிற வெளி மின்கட்டமைப்பு போய், டர்பைன் ட்ரிப் ஆகி (சட்டென்று தானாக நின்று), ஹூட்டர் அலறிக்கொண்டிருக்கும்போது, இந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பாய்லரில் என்ன நடக்கிறது என்று புரியுமா? இதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்று ஆலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சொன்னதற்கான காரணங்களை நின்று நிதானமாக எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாகத் தோன்றியது.

நான் வேலை செய்வது ஒரு சர்க்கரை ஆலையின் இணைமின் நிலையத்தில், இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில். கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுத்து, டர்பைனை ஓட்டி, ஆலையின் தேவை போக மிஞ்சும் மின்சாரத்தை கிரிட்டுக்கு அனுப்புகிற இடம். அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் பாய்லர் இரவு பகல் பார்க்காது. எங்களிடம் இருந்த மென்பொருள் ஓடிய விண்டோஸ் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. கணினி பழுதானால் அதற்கு ஈடான பழைய கணினியைத் தேடி அலைய வேண்டியிருந்தது. புதிது வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை. அட்டவணையும் வந்தது.

எல்லாக் கட்டங்களிலும் 'உண்டு'

ஒரு காலத்தில் அந்த அட்டவணைக்கு உண்மையான பயன் இருந்தது. 1975-இல் ஹனிவெல்லின் டிடிசி 2000, யோகோகாவாவின் சென்டம் என்று டிசிஎஸ் எனப்படும் கட்டுப்பாட்டு அமைப்புகள் வந்தபோது கட்டுப்பாடும் திரையும் ஒரே வீட்டுச் சரக்கு. தனியாகத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. பிறகு பிஎல்சி ஒருவரிடமும் திரை மென்பொருள் இன்னொருவரிடமும் வாங்கலாம் என்ற வழி திறந்தது. 1989-இல் வொண்டர்வேர் நிறுவனம் விண்டோஸில் ஓடும் இன்டச் மென்பொருளைக் கொண்டுவந்தது. 1996-இல் சீமென்ஸின் வின்சிசி வந்தது. அப்போதெல்லாம் 'எங்கள் பிஎல்சியோடு பேசுமா' என்பது உயிர்க் கேள்வி. ஒவ்வொரு வகை பிஎல்சிக்கும் ஒவ்வொரு மென்பொருள் கம்பெனியும் தனித்தனியாக டிரைவர் என்கிற இணைப்பு நிரலை எழுத வேண்டியிருந்தது. டிரைவர் சரியில்லை என்றால் திரையில் எண்கள் உறைந்து நிற்கும். உறைந்திருப்பது தெரியாமலே ஆபரேட்டர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1996-இல் ஓபிசி என்ற பொது ஏற்பாடு வந்து அந்தக் கவலையின் பெரும்பகுதியைக் குறைத்தது.

இன்று யாருடைய கேட்லாக்கைப் புரட்டினாலும் ட்ரெண்ட் (அளவுகள் நேரத்தோடு மாறுவதைக் கோடாகக் காட்டும் வரைபடம்) உண்டு, அலாரம் உண்டு, அறிக்கை உண்டு, பிரௌசர் உண்டு. ஒருகாலத்தில் எதிரும் புதிருமாக நின்ற இன்டச்சும் ஆஸ்திரேலியாவில் பிறந்த சிடெக்டும் இப்போது அவேவா என்ற ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. எல்லோரும் எல்லாம் தருகிறார்கள் என்றால் அட்டவணை எதைத்தான் பிரித்துக் காட்டும்? விலையை மட்டும்தான். கடைசி வரி மற்ற எல்லா வரிகளையும் விழுங்கிவிடுகிறது. எங்கள் ஆலையிலும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

"கிரிட்டைத் தட்டிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்"

மூன்று நிறுவனங்கள் டெமோ காட்ட வந்தன. பெயர்கள் வேண்டாம், இங்கே அவை முக்கியமும் இல்லை. முதல் இரண்டு டெமோக்களும் கண்ணைப் பறித்தன. முப்பரிமாணப் பாய்லர், உள்ளே கொழுந்துவிட்டு எரியும் தீ, சுற்றும் ஃபேன், குழாய்க்குள் ஓடும் நீலத் தண்ணீர். நிர்வாகத் தரப்பில் வந்திருந்தவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பின்வரிசையில், பணி ஓய்வை நெருங்கிய எங்கள் மூத்த பாய்லர் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழோடு வேலைக்குச் சேர்ந்து, தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கிளாஸை நேரில் பார்த்துப் பாய்லர் ஓட்டிய காலத்திலிருந்து இருப்பவர். அவரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவராகவே என்னிடம் குனிந்து சொன்னார்: "சார், நன்றாக ஓடும்போது எந்தத் திரையும் நன்றாகத்தான் இருக்கும். கிரிட்டைத் தட்டிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்."

அந்த ஒரு வாக்கியத்தில் ஒப்பீடு முழுவதும் திசை மாறியது. முந்தைய பருவத்தில் நிஜமாகவே கிரிட் போய் டர்பைன் ட்ரிப் ஆனபோது பதிவான எண்கள் எங்களிடம் இருந்தன. அவற்றை எடுத்து, தனியாக வைத்திருந்த ஒரு பிஎல்சியில் ஏற்றி, நொடிக்கு நொடி அதே வரிசையில் ஓடும்படி செய்தோம். மூன்று மென்பொருள்களும் அதே எண்களைப் பார்க்க வேண்டும். ஆபரேட்டர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, குறிப்பிட்ட இடத்தில் ஓட்டத்தை நிறுத்தி, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டோம்.

பாய்லர் அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. டிரம் எனப்படும் பாய்லரின் மேல் கலத்துக்குள் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. தண்ணீரும் நீராவிக் குமிழ்களும் கலந்த கலவை. டர்பைன் சட்டென்று நின்றால் நீராவி போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் குமிழ்கள் சுருங்கும். டிரம் லெவல் மளமளவென்று இறங்கும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை குறைந்திருக்காது. ஆனாலும் லெவல் இறங்கும். அதைப் பார்த்துப் பதறி ஃபீட் வால்வைத் திறந்து தண்ணீரைக் கூட்டினால், அடுத்து நீராவியை வெளியே விடும் வென்ட் திறந்து அழுத்தம் இறங்கும்போது குமிழ்கள் விரிந்து லெவல் மேலே பாயும். தண்ணீர் நீராவியோடு கிளம்பிப் போனால் நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டருக்கும் டர்பைனுக்கும் கேடு. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. லெவல் நிஜமாகவே இறங்குகிறது என்றால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். இரண்டில் எது நடக்கிறது என்று லெவலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே எவ்வளவு தண்ணீர் வருகிறது, வெளியே எவ்வளவு நீராவி போகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். குடும்பத்தின் வரவையும் செலவையும் பார்க்காமல் கையிருப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பது போல ஆகிவிடும்.

முதல் மென்பொருளின் திரையில் டிரம் லெவல் அழகான நீலப் பட்டையாக நடுவில் நின்றது, பக்கத்தில் ஓர் எண். நீராவி அளவு டர்பைன் பக்கத்தில் இருந்தது. ஃபீட் வாட்டர் அளவு பம்புகள் பக்கத்தில் இருந்தது. இளம் ஆபரேட்டர் ஒருவர், டிப்ளமா முடித்துச் சேர்ந்து இரண்டு பருவம் ஓட்டியவர், பட்டை இறங்குவதைப் பார்த்து, "தண்ணீரைக் கூட்டுவேன் சார்" என்றார். இரண்டாவதிலும் கிட்டத்தட்ட அதே திரை, அதே பதில். மூன்றாவது நிறுவனத்தின் பொறியாளர் படம் எதையும் பெரிதாக வரைந்திருக்கவில்லை. சாம்பல் நிறப் பின்னணி. நடுவில் ஒரே ட்ரெண்டில் மூன்று கோடுகள்: டிரம் லெவல், நீராவி, ஃபீட் வாட்டர். அதே இளைஞர் சில நொடிகள் பார்த்துவிட்டு, "நீராவிக் கோடு செங்குத்தாக விழுந்திருக்கிறது, தண்ணீர் வழக்கம்போல வந்துகொண்டிருக்கிறது. லெவல் தானாகத் திரும்பி ஏறும், இப்போது கூட்டக் கூடாது" என்றார். முன்பு பார்த்த அதே எண்கள்தான் இவை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மூத்தவர் தலையை ஆட்டினார்.

அந்த மூன்று கோடுகளை மூன்று மென்பொருள்களிலுமே வரைந்திருக்கலாம். அட்டவணைப்படி மூன்றுக்கும் ட்ரெண்ட் 'உண்டு'. ஆனால் முதல் இரண்டில் ட்ரெண்ட் என்பது ஒரு பொத்தானை அழுத்தினால் தனியாகத் திறக்கும் ஜன்னல். பாய்லர் படத்தின் நடுவே அதைப் பதிக்க வேண்டும் என்றால் பொறியாளர் கூடுதலாக உழைக்க வேண்டும். மூன்றாவதில் எடுத்து வைத்தால் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மென்பொருள் எதைச் சுலபமாக்குகிறதோ, அவசரத்தில் வேலையை முடிக்கும் பொறியாளர் அதைத்தான் வரைவார். ஒப்பிட வேண்டியது இதைத்தான் என்று அன்று எனக்குத் தெளிவானது. இன்னொன்றும் உறுத்தியது. எங்கள் டிரம் லெவல் கன்ட்ரோலர் லெவல், நீராவி, ஃபீட் வாட்டர் என்ற மூன்றையும் பார்த்துத்தான் வால்வை இயக்குகிறது. மூன்று உறுப்புக் கட்டுப்பாடு என்று பாடத்திலேயே படிக்கிறோம். இயந்திரத்துக்கு மூன்றையும் கொடுத்துவிட்டு, இயந்திரம் கைவிடும் நேரத்தில் பொறுப்பை ஏற்கிற மனிதருக்கு ஒன்றை மட்டும் காட்டுவது எந்த நியாயம்?

டெக்சாஸ் சிட்டியின் இரண்டு திரைகள்

இது ஏதோ எங்கள் ஆலையின் தனிப்பட்ட சங்கடம் என்று நினைத்துவிட முடியாது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். 170 அடி உயரமுள்ள ஒரு பிரிப்புக் கோபுரத்தை மீண்டும் ஓடவைக்கும் நேரம். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக உள்ளே திரவம் போய்க்கொண்டே இருந்தது. வெளியே எதுவும் எடுக்கப்படவில்லை. மட்டமானி கோபுரத்தின் அடிப்பகுதியில் சில அடிகளை மட்டுமே அளக்கக் கூடியது. அதை மீறித் திரவம் ஏறியபின் அது நூறு சதவீதத்துக்குக் கீழே, அதுவும் மெல்ல இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. உண்மையில் திரவம் 158 அடிவரை ஏறியிருந்தது. அமெரிக்க வேதிப் பாதுகாப்பு விசாரணை வாரியம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் களைப்பு, ஆள்குறைப்பு, பழுதான கருவிகள் என்று பல காரணங்கள் வருகின்றன. அவற்றுக்கு நடுவே என்னை நிறுத்திய வரி இதுதான்: உள்ளே போகும் அளவு ஒரு திரையிலும் வெளியே வரும் அளவு வேறொரு திரையிலும் இருந்தன, இரண்டையும் கழித்துக் காட்டும் கணக்கு எங்கும் இல்லை.

அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தப் பாடம் எழுதப்பட்டுவிட்டது. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபர்ட் ஹேவனில் டெக்சகோ சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. திரையில் திறந்திருப்பதாகக் காட்டிய ஒரு வால்வு உண்மையில் மூடியிருந்தது. ஒரு கலத்தில் திரவம் நிரம்பிக்கொண்டே போனது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் ஆபரேட்டர்களுக்கு முன் வந்து விழுந்த அலாரங்கள் 275. பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்துவிட்டு, மொத்த ஓட்டத்தையும் ஒரே பார்வையில் காட்டுகிற, வரவு செலவுக் கணக்கைக் காட்டுகிற திரை இல்லாததைக் குறையாகச் சொன்னது. சொல்லி வைத்ததைக் கேட்டிருந்தால் என்ற ஏக்கம் அந்த இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் எவருக்கும் வரும். எனக்குக் கோபமும் வந்தது.

டேக் விலையும் வால்வின் நிலையும்

அட்டவணையின் வரிகளிலேயே திரையின் தரத்தை ஓசையில்லாமல் தீர்மானிப்பது உரிமக் கணக்கு. இன்டச், வின்சிசி, ஐஃபிக்ஸ் போன்றவற்றில் நெடுங்காலமாக டேக் எண்ணிக்கையின்படி படிப்படியாக விலை ஏறும் முறை இருந்துவருகிறது. ஒரு பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிறதா, ட்ரிப் ஆனதா, லோக்கலா ரிமோட்டா, ஓடத் தயாரா, ஸ்டார்ட் கட்டளை, ஸ்டாப் கட்டளை, ஆம்பியர், ஓடிய நேரம்: எட்டு டேக் போய்விட்டது. பட்டியல் அடுத்த விலைப் படியைத் தொட்டதும், வாங்கும் பிரிவிலிருந்து குரல் வரும்: "கொஞ்சம் குறைக்க முடியாதா?" குறைக்க உட்காரும்போது முதலில் அடிபடுவது எது தெரியுமா? வால்வின் பீட்பேக், அதாவது அது உண்மையில் திறந்ததா மூடியதா என்று களத்திலிருந்து வரும் தகவல். 'திற' என்ற கட்டளைக்கு ஒரு டேக் இருக்கிறதே, அதையே நிலையாகக் காட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். திரையில் வால்வு பச்சையாக மாறும். களத்தில் அது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததும் இதே வகைதான். ஓர் அழுத்த விடுவிப்பு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. பேனலில் இருந்த விளக்கோ, மூடச் சொல்லும் மின்கட்டளை போய்விட்டது என்பதை மட்டும் காட்டியது. விளக்கு அணைந்ததைப் பார்த்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். அங்கே டேக் உரிமம் எல்லாம் கிடையாது. ஆனால் கட்டளையையும் நிலையையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. இந்தக் காரணத்துக்காகவே 2010-இல் வந்த இக்னிஷன் போன்ற, டேக்குக்கு எண்ணிக்கை வரம்பு வைக்காமல் சர்வருக்கு விலை வைக்கும் முறையை நான் வரவேற்கிறேன். அந்த மென்பொருள் எல்லா வகையிலும் சிறந்தது என்று வாதிட வரவில்லை. பீட்பேக்கை வெட்டு என்று சொல்லும் நெருக்கடி அங்கே இல்லாமல் போகிறது. அதற்கே ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது பதிவு வேகம். 'ட்ரெண்ட் உண்டு' என்ற கட்டத்துக்குள் நிமிடத்துக்கு ஒருமுறை பதிவதும் அடங்கும், நொடிக்கு ஒருமுறை பதிவதும் அடங்கும். டிரம் லெவல் சுருங்கி விரிவது சில நொடிகளின் கூத்து. நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் அந்தக் கூத்து முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நடந்து முடிந்துவிடும். மறுநாள் காலை விசாரணையில் கோடு நேராக இருக்கும், ஆபரேட்டர் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

சாம்பல் திரையைப் பற்றி

நிறங்களைப் பற்றி நடந்த வாக்குவாதம்தான் எங்கள் ஆலையில் அதிக நேரம் பிடித்தது. சாம்பல் பின்னணித் திரையைப் பார்த்தவர்கள் "களையே இல்லை" என்றார்கள். 2015-இல் வந்த, ஆலைத் திரைகளின் வடிவமைப்புக்கான ஐஎஸ்ஏ-101 தரநிலையை ஒட்டிப் பேசுகிறவர்கள் பொதுவாகச் சொல்வது இது: எல்லாம் சரியாக ஓடும்போது திரை அடங்கியிருக்க வேண்டும், நிறத்தைக் கோளாறுக்காக மிச்சம் வைக்க வேண்டும். எரியும் தீயும் ஓடும் தண்ணீரும் எப்போதும் பளபளத்துக்கொண்டிருந்தால், சிவப்பு வரும்போது அது கூட்டத்தில் ஒன்றாகிவிடும். எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மின்பிரிவு பேனல்களில் பிரேக்கர் போட்டிருந்தால் சிவப்பு விளக்கு, எடுத்திருந்தால் பச்சை. பாய்லர் திரையில் பம்ப் ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. ஒரே அறையில் இரண்டு திரைகளுக்கும் ஒரே ஆபரேட்டர் மாறி மாறித் திரும்புகிறார். ஒரு பக்கம் சிவப்பு என்றால் 'உயிரோடு இருக்கிறது', மறுபக்கம் சிவப்பு என்றால் 'நின்றுவிட்டது'. இதற்கு மென்பொருள் எதுவும் தீர்வு தராது. நாம்தான் முடிவெடுக்க வேண்டும். ஓட்டத்தை நிறத்தால் காட்டாமல் நிரப்பிய வடிவம், வெற்று வடிவம் என்று காட்டி, பக்கத்தில் 'ஓடுகிறது', 'நிற்கிறது' என்று எழுத்திலும் போடலாம் என்று முடிவு செய்தோம். நிறக்குறைபாடு உள்ளவருக்கும் அது புரியும்.

அலாரத்தில் ஆபரேட்டர்கள் ஒரே குரலில் பேசினார்கள். கிரிட் போன அந்தப் பதிவை ஓட்டியபோது முதல் இரண்டு திரைகளிலும் அலாரப் பட்டியல் ஓடிய வேகத்தில் யாராலும் படிக்க முடியவில்லை. டர்பைன் நின்றால் அதன் பின்னால் இருப்பவை எல்லாம் நிற்கத்தான் செய்யும். நின்ற ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கத்துவதில் பொருள் இல்லை. பெரிய கோளாறுக்குப் பின் முதல் பத்து நிமிடங்களில் பத்து அலாரங்களுக்குள் இருந்தால்தான் ஒரு மனிதர் சமாளிப்பார் என்று அலார அமைப்புகளுக்கான ஈஇஎம்யுஏ 191 வழிகாட்டி 1999 முதல் சொல்லிவருகிறது. மூலக் காரணம் வந்ததும் அதன் கிளை அலாரங்களை அடக்கிவைக்கும் வசதியை எத்தனை சுலபமாக அமைக்க முடியும் என்பதை அட்டவணையில் எழுதாமல், எங்கள் பொறியாளர்களையே உட்கார வைத்துச் செய்து பார்க்கச் சொன்னோம். ஒன்றில் மதியத்துக்குள் முடிந்தது. இன்னொன்றில் ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போனால் அதை யார் தொடுவார் என்ற கேள்வி அங்கேயே எழுந்தது.

டெண்டரில் இதை எப்படி எழுதுவது என்பதுதான் இப்போது மிச்சமிருக்கும் சண்டை. கொள்முதல் பிரிவுக்கு அளக்கக் கூடிய நிபந்தனை வேண்டும். குறைந்த விலைக்காரருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று தணிக்கையில் கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும். அவர்கள் கேட்பது நியாயம். அதனால் தொழில்நுட்பத் தகுதிச் சுற்றில் ஒரு நிபந்தனையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாங்கள் தரும் கோளாறுப் பதிவை ஒவ்வொரு நிறுவனமும் தன் திரையில் ஓட்ட வேண்டும். ஷிப்ட் ஆபரேட்டர்கள் அந்தத் திரையை மட்டும் பார்த்து என்ன நடந்தது, அடுத்து என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். சரியான பதிலுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு வால்வு ஒவ்வொன்றுக்கும் கட்டளையும் நிலையும் தனித்தனி டேக்காக விலையில் அடங்க வேண்டும். வரவும் செலவும் ஒரே திரையில் இருக்க வேண்டும். டெமோ திரையை வரைபவர், ஒப்பந்தம் கிடைத்தால் எங்கள் ஆலைக்கு வந்து வேலை செய்யப்போகும் அதே பொறியாளராக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைக்குத்தான் நிறுவனங்களிடமிருந்து எதிர்ப்பு அதிகம். அதைத் தளர்த்தச் சொல்லி எங்கள் கொள்முதல் பிரிவே இப்போது கேட்கிறது. மற்ற எதை வேண்டுமானாலும் பேசலாம், அதை மட்டும் எடுக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.